புதுப்பிப்பு: கணக்கர் வேலைக்கும் கிறிஸ்தவர்தானா?

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: பிரிட்டனில் நான் வேலை பார்க்கும் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம், கணக்கர் பணிக்குக்கூட கிறிஸ்தவர்தான் வேண்டும் என்று விளம்பரம் கொடுக்கப் போகிறது, சட்டம் விடுமா என்று.

வழக்கறிஞரிடம் காட்டினோம். 2010 சமத்துவச் சட்டத்தின் 9ஆம் அட்டவணை, மதநெறி சார்ந்த அமைப்புகள் அப்படிக் கேட்க இடம் தருகிறது. ஆனால் அமைப்பு கிறிஸ்தவ அமைப்பு என்பது மட்டும் போதாது. அந்த வேலையின் தன்மையே அதைக் கோர வேண்டும், நிபந்தனை அளவு மீறாமலும் இருக்க வேண்டும். ஜெபம் நடத்தும் இளைஞர் ஊழியருக்குச் சரி. ரசீது சரிபார்ப்பவருக்கு? குழுவில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை, நான் உட்பட. அந்த வரியை எடுத்துவிட்டோம்.

அப்புறம் ஒரு திருத்தம். 2013இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கிறிஸ்தவ ஊழியர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது என்று எழுதியிருந்தேன். அவசரப்பட்டுவிட்டேன். வழக்காடிய நால்வரில் வென்றவர் ஒருவர்தான்: சிலுவைச் சங்கிலி அணிந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர் நாடியா எவெய்டா. சிலுவைக்காகவே போராடிய செவிலியர் தோற்றார்; மருத்துவமனையில் பாதுகாப்பு விதி முந்திக்கொண்டது.