மறுமொழி: ‘காற்றுச்சாய்வு’ வேண்டாம், ‘காற்றொதுக்கு’ என்று வைப்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

போன்சாயில், அதாவது மரத்தை ஆழமில்லாத தட்டில் சிறிதாக வளர்க்கும் கலையில், கிளைகள் எல்லாம் காற்றடித்து ஒரே பக்கம் போனதுபோல் நிற்கும் வடிவத்தை ஜப்பானியர் ஃபுகிநாகாஷி என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் கேட்டதற்கு இதுவரை காற்றுச்சாய்வு, ஒருபுறக்கிளை, கச்சான் மரம் என்று சொற்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் புதிதாக மரம் வளர்க்க வருபவர் இந்தச் சொல்லை நம்பித்தான் கம்பியும் கத்தரியும் எடுப்பார். சொல் தடம் மாறினால் அவருடைய மரமும் தடம் மாறும். இது மரம் சார்ந்த விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளியிலிருந்து மண்டபம் போகும் வழியில் கடலோரத்து உடை என்னும் முள்மரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வடிவத்தை விளக்கவே வேண்டாம். அங்கே காற்று மரத்தை வளைப்பது ஒரு பகுதிதான். பெரிய வேலையைச் செய்வது காற்றோடு வரும் உப்பு. அலையிலிருந்து தெறிக்கும் நுண்துளிகள் கடலைப் பார்த்த பக்கத்து இலையிலும் மொட்டிலும் படிகின்றன. அந்தப் பக்கத்துத் தளிர் கருகுகிறது. மறுபக்கத்துத் தளிருக்கு மரமே மறைவாக நிற்பதால் அது பிழைக்கிறது. இப்படியே ஆண்டுக்கணக்கில் நடந்தால், மரத்தின் தலைப்பகுதி முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுகிறது. தண்டு பல மரங்களில் நேராகத்தான் நிற்கும்.

‘சாய்வு’ என்பதில் எனக்குள்ள முதல் தடை இதுதான். போன்சாயில் தண்டு சாய்ந்து நிற்கும் வடிவம் தனியாக ஒன்று இருக்கிறது, ஷாகான் என்பார்கள். அதில் தண்டு சாய்ந்திருக்கும், கிளைகள் இரண்டு பக்கமும் போகும். ஃபுகிநாகாஷியில் தண்டு சாயலாம், சாயாமலும் இருக்கலாம், கிளைகள் மட்டும் கட்டாயம் ஒரே திசைக்குப் போகவேண்டும். ‘சாய்மரம்’ என்ற நல்ல சொல்லை ஷாகானுக்கு விட்டுவைப்போம். இரண்டுக்கும் சாய்வு என்று போட்டால் கற்றுக்கொள்பவர் குழம்புவார்.

சரி, அப்படியானால் ‘ஒருபுறக்கிளை’ பொருந்துமே என்று சிங்கப்பூரிலிருந்து அம்மையார் எழுதியிருந்தார். கேட்கும்போது சரிபோலத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வடிவத்தில் கிளைகள் தண்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் புறப்படலாம். காற்று வரும் பக்கத்தில் முளைத்த கிளையும் சற்றே எழும்பி, தண்டைத் தாண்டி வளைந்து, மற்றக் கிளைகளோடு சேர்ந்து போகிறது. பார்ப்பவருக்குக் காற்று தெரிவது அந்த வளைவில்தான். ‘ஒருபுறக்கிளை’ என்று படித்தவர் எதிர்ப்பக்கக் கிளைகளை எல்லாம் அடியோடு வெட்டிவிடுவார். மிச்சம் நிற்பது பாதி மொட்டை மரம். அதில் காற்று இருக்காது.

‘கச்சான் மரம்’ எங்கள் ஊர்ச் சொல். முன்மொழிந்த சாயல்குடி நண்பருக்கு நன்றி. எனக்கும் அதன்மேல் ஆசைதான். ஆனாலும் பொதுச் சொல்லாக வைக்க முடியாது. கச்சான் என்பது மேற்கிலிருந்து வரும் காற்று. வாடை வீசும் பாக் நீரிணைப் பக்கத்து மரத்துக்கு அந்தப் பெயர் ஒட்டாது. ராமேஸ்வரம் தீவிலேயே தென்கடல் ஓரத்துக்கும் வடகடல் ஓரத்துக்கும் காற்றுக் காலம் வேறு. இன்னொன்று, இலங்கைத் தமிழர்களுக்குக் கச்சான் என்றால் நிலக்கடலை. அவர்களும் படிக்கும் கலைச்சொல்லில் நிலக்கடலை மரம் என்ற பொருள் வரவேண்டாம்.

என் முன்மொழிவு: காற்றொதுக்கு. காற்று + ஒதுக்கு. காற்று கிளைகளை ஒதுக்குகிறது என்பது ஒரு பொருள். காற்றுக்கு ஒதுங்கிய இடம் என்பது இன்னொரு பொருள். தளிர் பிழைப்பது அந்த மறைவில்தான் என்பதால் இரண்டுமே இந்த மரத்துக்கு உண்மை. ஜப்பானியச் சொல்லில் வீசுதல், ஓடவிடுதல் என்ற இரண்டு கருத்துகள் உண்டு. ஓட்டத்தை நாம் இழக்கிறோம்தான். அதற்குப் பதிலாகக் காரணம் கிடைக்கிறது. வளர்ப்பவருக்கு ஓட்டத்தைவிடக் காரணம் உதவும் என்று உறுதியாக நம்புகிறேன்.

எப்படி உதவும் என்றும் சொல்லிவிடுகிறேன். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை முதலில் முடிவு செய்யாமல் காற்றொதுக்கு மரம் செய்ய முடியாது. அந்தப் பக்கத்தைக் ‘காற்றுமுகம்’ என்றும் எதிர்ப்பக்கத்தைக் ‘காற்றுமறைவு’ என்றும் வைத்துக்கொள்ளலாம். மழை மறைவுப் பகுதி என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். காற்றுமுகத்தில் வேர் நீளமாக, மண்ணை இறுகப் பிடித்ததுபோல் மேலே தெரியவேண்டும். இழுபடும் பக்கம் அதுதானே. தட்டில் மரத்தை நடுவில் வைக்காமல் காற்றுமுகம் பக்கம் தள்ளி வைத்தால், கிளைகள் ஓடும் திசையில் வெறும் இடம் கிடைக்கும். கிளையை வளைத்து நிறுத்தக் கம்பி கட்டும்போது அலுமினியக் கம்பியின் தடிமன் கிளையின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். 45 பாகைச் சாய்வில் சுற்றவேண்டும். இத்தியும் ஆலும் வேகமாகப் பருக்கும், கம்பி பட்டையில் பதிவதற்குள் வெட்டி எடுத்துவிடுங்கள். முறுக்கி அவிழ்க்கப் பார்த்தால் கிளை ஒடியும்.

எந்த மரம் என்று கேட்டவர்களுக்கு: புளியும் கொடுக்காப்புளியும் என் முதல் தேர்வு. இலை சிறியது, கட்டை உறுதியானது. காற்றுமுகத்தில் ஒரு கிளையைப் பட்ட கிளையாக விட்டுப் பட்டையை உரித்தால் அது நிலைத்து நிற்கும். இத்தியிலும் ஆலிலும் பட்ட கிளை சீக்கிரம் மக்கிவிடும். பூவரசு நம் கரையில் எங்கும் நன்றாக வருகிறது, ஆனால் இலை பெரியது. சின்னத் தட்டில் அளவு பொருந்தாது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கிணற்று நீரில் உப்பு அதிகம். ஆழமில்லாத தட்டில் அந்த உப்பு தங்கி இலை ஓரம் கருகும், மண்மேல் வெள்ளையாகப் பூக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைநீரைப் பிடித்துவைத்து, அவ்வப்போது தட்டின் அடித்துளை வழியாக ஓடும்வரை ஊற்றி அலசுங்கள். கடற்காற்றுக்கு உருவான வடிவம் என்பதற்காகத் தொட்டி மரத்துக்கு உப்பு தேவை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மன்னார் வளைகுடாத் தீவுகளிலிருந்து மரம் எடுக்கலாமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். எடுக்கவே கூடாது. அந்த 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. இந்தோனேசியாவில் சந்திகி என்று போன்சாய்க்காரர்கள் கொண்டாடும் மரம் நம் இந்தத் தீவுகளில் இயற்கையாக நிற்கிறது. அது அங்கேயே நிற்கட்டும்.

‘ஒதுக்கு’ என்றால் நிதி ஒதுக்கீடு நினைவுக்கு வருமே என்று கேட்பீர்கள். ஒதுக்குப்புறம், ஒதுங்கி நில் என்று நாம் தினமும் பேசுகிறோம். காற்று என்ற சொல் முன்னால் வரும்போது நிதியை யாரும் நினைக்க மாட்டார்கள். வாக்கியத்தில் போட்டும் பார்த்தேன்: ‘இந்தப் புளியைக் காற்றொதுக்காக வளர்க்கிறேன்’, ‘தண்டு நேர், கிளை காற்றொதுக்கு’, ‘காற்றொதுக்கு மரத்துக்கு நீள்வட்டத் தட்டு பொருந்தும்’. நாக்கில் தடையில்லாமல் வருகிறது.

தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து உறுப்பினர்கள், கடல் தொழிலுக்குப் போகும் பெரியவர்களிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். காற்றுக்கு ஒதுங்கி நிற்கும் பக்கத்துக்கு அவர்கள் வாயில் வழங்கும் சொல் எது? ‘காற்றுமறைவை’விடச் சின்னதாக ஒன்று இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். தண்டில் நீளவாக்கில் பட்டை உரித்த வெண்கட்டைக்கு, அதாவது ஷாரிக்கு, இன்னும் யாரும் சொல் தரவில்லை. அடுத்த மடலில் அதை எடுப்போம்.

அன்புடன்,
உச்சிப்புளியிலிருந்து