புதுப்பிப்பு: லேப்டாப் கேமரா பிரவுசரில் வந்துவிட்டது

லேப்டாப்பின் கேமரா செயலியில் முகம் தெளிவாகத் தெரிகிறது, குரோமில் வீடியோ காலுக்குப் போனால் மட்டும் கேமராவே இல்லை என்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது.

டிரைவரை (கேமராவை இயக்கும் மென்பொருள்) மறுபடி நிறுவச் சொன்னவர்களுக்கு நன்றி. அதில் பலன் இல்லை. விடை விண்டோஸ் 11 செட்டிங்ஸில் இருந்தது. பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் கேமரா. மேலே உள்ள சுவிட்சுகள் எல்லாம் ஆனில்தான் இருந்தன. ஆனால் செயலிப் பட்டியலைத் தாண்டிக் கீழே போனால், டெஸ்க்டாப் ஆப்களுக்கென்று தனியாக ஒன்று. அது ஆஃப். கேமரா செயலி மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வகை, அதற்கு மேலே உள்ள அனுமதியே போதும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் டெஸ்க்டாப் வகை. ஆன் செய்து, பிரவுசரை முழுவதும் மூடித் திறந்ததும் கேமரா பக்கத்தில் விளக்கு எரிந்தது. அப்பாடா!

இதே சிக்கல் உள்ளவர்கள் தளத்தின் முகவரியையும் பாருங்கள். முகவரி எச்டிடிபிஎஸ் (https) என்று தொடங்காத தளத்துக்கு பிரவுசர் கேமராவைத் தராது. அது நல்ல ஏற்பாடுதான். லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரிலேயே கேமரா காணவில்லையென்றால் கதை வேறு. சில லேப்டாப்களில் ஓரத்திலுள்ள சிறிய சுவிட்ச் கேமராவின் இணைப்பையே துண்டித்துவிடும். முதலில் அதைத் தள்ளிப் பாருங்கள்.