கோர்செயருக்குக் கறுப்பு வாஷ் தேவையா?

தூரிகைக்காரன்:
1943-இல் சாலமன் தீவுகளில் பறந்த கோர்செயர் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரியை 1/48 அளவில் (நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு) செய்து முடித்துவிட்டேன். பளபளப்பு வார்னிஷ் காய்ந்தபின், டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த கறுப்பு எனாமலைப் பேனல் கோடுகள் (உடல் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் கோடுகள்) அனைத்திலும் ஓடவிட்டு, இறக்கை முழுவதும் பெயிண்ட் உரிந்ததுபோல் வெள்ளிப் புள்ளிகளும் வைத்தேன். இப்படி ஓடவிடும் நீர்த்த பூச்சான வாஷ் இல்லாத மாதிரி விமானம் வெறும் பொம்மைதான் என்பது என் கட்சி.

அளவுகோல்:
கை சுத்தமான வேலை, ஆனால் கணக்கு உதைக்கிறது. 0.3 மி.மீ. கோட்டை 48-ஆல் பெருக்கினால் 14 மி.மீ.க்கு மேல் வருகிறது. தகடுகளுக்கிடையே அவ்வளவு சந்து விட்டு எவரும் விமானம் கட்டுவதில்லை. மேலும், அந்த விமானத்தின் வெளி இறக்கையில் பின்பாதி துணி போர்த்தியது. துணியில் பெயிண்ட் உரிந்தால் உலோகம் எப்படித் தெரியும்?

தூரிகைக்காரன்:
துணி விஷயத்தில் தவறு என்னுடையதே. அந்தப் புள்ளிகளை மூடிவிடுகிறேன். கோடுகளை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஐயா. கையளவு பிளாஸ்டிக்கில், அறை விளக்கின் கீழ், உண்மையான விமானத்தின் நிழல்கள் தாமாக விழுவதில்லை; அவற்றை நாம்தான் வரைய வேண்டும். நாடக நடிகர் பூசும் அரிதாரமும் அருகில் பார்த்தால் மிகையாகத்தானே இருக்கும்?

ஈரத்துணி:
இடையில் ஒரு வார்த்தை. வாஷ் அரைகுறையாகக் காய்ந்ததும், டர்பன்டைன் தொட்ட பஞ்சால் காற்றோட்டத் திசையில், அதாவது மூக்கிலிருந்து வாலை நோக்கித் துடைத்தால், கோடு தானே மெலியும். சக்கரக் கால்களில் மட்டும் தாராளமாக ஊற்ற வேண்டாம். பெயிண்ட் படாத பிளாஸ்டிக்கில் கரைப்பான் ஊறியதால் எனக்கு ஒரு கால் முறிந்தே போயிற்று.

அளவுகோல்:
நிழல் வரையுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் நீல உடலுக்குக் கருநீலச் சாம்பல் போதும், அதுவும் உண்மையில் திறந்து மூடும் இடங்களான எஞ்சின் மூடியிலும் இறக்கை மடியும் மூட்டிலும் மட்டும். சாலமன் தீவுகளிலிருந்த முண்டா போன்ற ஓடுதளங்கள் பொடித்த பவளப்பாறையால் ஆனவை. அங்கே வெயிலில் வெளுத்த நீலத்தின்மேல் வெண்தூசிதான் படிந்தது. விமானி அறைக்கு முன்னாலிருந்த பெட்ரோல் தொட்டி கசிந்து முன்கண்ணாடியை மறைத்ததால், அதன் மூடித் தகட்டின் இணைப்புகள்மேல் நாடா ஒட்டினார்கள். அக்காலப் படங்களில் அவை வெள்ளைப் பட்டைகளாகத் தெரிகின்றன. நீங்கள் கறுப்பு ஓட்டிய அதே கோடுகள்தாம்!

தூரிகைக்காரன்:
பட்டைகளை நாளை வெள்ளையில் வைக்கிறேன். சக்கரக் குழிக்குள் இருக்கும் கறுப்பை மட்டும் யார் சொன்னாலும் எடுப்பதாக இல்லை.