பிளாங்க் குழாயிலும் டயட்டம் தெரிகிறது. எங்கிருந்து வருகிறது?

கேள்வி: தடயவியல் மருத்துவ மாணவி
குளத்தில் மீட்ட உடல். மூழ்கி இறந்ததா என்று பார்க்க டயட்டம் (நீரில் வாழும் நுண்பாசி) தேடினேன். தொடையெலும்பு மஜ்ஜையை அடர் நைட்ரிக் அமிலத்தில் போட்டு, ஃபியூம் ஹூடில் வைத்துச் சூடாக்கிக் கரைத்தேன். ஆறியதும் சென்ட்ரிஃபியூஜ், காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவல், படிவு ஸ்லைடுக்கு. வழக்கமான முறைதான். மஜ்ஜையில் நாவிகுலா என்ற டயட்டம் மாதிரி படகு வடிவில் சில தெரிந்தன. அப்புறம் பிளாங்கைப் பார்த்தால் அதிலும் அதே ஆள்! திசுவே போடாத குழாய் அது. சாமான்களை முந்தின நாளே அமிலத்தில் ஊறவைத்துக் கழுவியாயிற்று. குளத்து நீர் மாதிரியையும் கூடவே ஓட்டினேன். எங்கே தேடுவது?

பதில்: ஆய்வகப் பழசு
அமிலத்தில் ஊறவைத்ததை நம்பாதீங்கம்மா. டயட்டத்தின் ஓடு சிலிக்கா. நைட்ரிக் அமிலத்தில் சதை கரையும், ஓடு கரையாது. இந்த முறையே அதை வைத்துத்தானே நடக்கிறது? அப்போ பழைய குழாயில் ஒட்டியிருக்கும் ஓடு மட்டும் எப்படிப் போகும்? பளிச்சென்று சுத்தமாகி உட்கார்ந்திருக்கும். கீறல் விழுந்த குழாய்களில் இது சகஜம். புதுக் குழாய், ஒவ்வொன்றுக்கும் தனி பிப்பெட். முக்கியமாக, குளத்து நீரை மஜ்ஜையோடு ஒரே மேசையில் ஓட்டாதீர்கள். எனக்கு அதன்மேல்தான் முதல் சந்தேகம்.

பதில்: சிலிக்கா
தண்ணீர் கேனையும் விடாதீர்கள். வெறும் அமிலம் ஒரு குழாய், அமிலமும் கழுவும் தண்ணீரும் ஒரு குழாய் என்று பிரித்து ஓட்டினால் எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்று தெரிந்துவிடும். தண்ணீரை 0.45 மைக்ரோமீட்டர் சவ்வில் வடிகட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். இன்னொன்று, ஆல்கஹாலில் வைத்த திசுவை அப்படியே நைட்ரிக் அமிலத்தில் போட்டுவிடாதீர்கள், வெடிக்கும்.

மாணவி
நன்றி சார். அமிலத்தை விட்டு, புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே நொதிக்கு மாறினால் இந்தத் தொல்லை இருக்காதா?

பதில்: சிலிக்கா
அமிலத்தின் பழுப்புப் புகை இருக்காது, மெல்லிய ஓடுகளும் அதிகம் சேதமாகாது. ஆனால் நொதிக்கும் பஃபர் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்) வேண்டும், பஃபருக்குத் தண்ணீர் வேண்டும். கேனில் டயட்டம் இருந்தால் இங்கேயும் வரும்.

பதில்: ஆய்வகப் பழசு
பிளாங்க் சுத்தமாக வந்தாலும் பிணவறையில் நடந்ததை அது காட்டாது. நுரையீரலை அறுத்த கத்தியும் ரம்பமும் தொடையெலும்பைத் தொட்டிருந்தால் மஜ்ஜைக்குள் அங்கேயே போயிருக்கும். எலும்பை முதலில் எடுத்தார்களா, வெளிப்புறத்தை நன்றாகக் கழுவித் திறந்தார்களா என்று கேளுங்கள். இந்தத் தொகுதி முடிவை அறிக்கையில் போட முடியாது. எலும்பில் திறக்காத துண்டு மீதி இருக்கிறதா?

மாணவி
கீழ்ப்பாதி முத்திரையோடு ஃப்ரீசரில் இருக்கிறது சார். முதலில் கேன் தண்ணீரைப் பிரித்து ஓட்டிப் பார்க்கிறேன். அது சரியான பிறகுதான் எலும்பைத் தொடுவேன்.