உப்பும் எத்தனாலும் சேர்ந்தால் டிஎன்ஏ நூலுக்கு என்ன ஆகிறது?

பாலக்கோட்டுப் பெண்:
கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் படிக்கிறேன். போன வாரம் பெங்களூரா மாம்பழக் கூழில் உப்பும் சோப்புக் கரைசலும் கலந்து வடிகட்டி, ஐஸில் வைத்திருந்த எத்தனாலை டியூப் ஓரமாக மெதுவாக விட்டோம். இரண்டும் சேரும் இடத்தில் வெள்ளையாக மேகம் மாதிரி கிளம்பியது. கண்ணாடிக் குச்சியில் சுற்றினால் நூலாக வரவில்லை, வழவழவென்று ஜெல்லிதான். உப்பு எதற்குப் போடுகிறோம்? ஆல்கஹாலில் டிஎன்ஏவின் வடிவமே மாறும் என்று சீனியர் அக்கா சொன்னார், உண்மையா?

ஓசூர் லேப் அண்ணன்:
அந்த ஜெல்லியில் பெரும்பகுதி பெக்டின்தான்மா, ஜாமைக் கெட்டியாக்கும் பழப்பசை. அதுவும் ஆல்கஹாலில் திரளும், மாம்பழத்தில் நிறையவே உண்டு. வெங்காயத்தில் செய்து பார். உப்பு விஷயம் இதுதான்: டிஎன்ஏ முதுகெலும்பில் இருக்கும் பாஸ்பேட் எல்லாம் எதிர்மின்னூட்டம், அதனால் இழைகள் ஒன்றையொன்று தள்ளும். சோடியம் வந்து ஒட்டினால் தள்ளுவது அடங்கும், ஆனால் தண்ணீரின் மின்காப்பு மாறிலி (மின்னூட்டங்களின் இழுப்பை எவ்வளவு தணிக்கும் என்ற அளவு) சுமார் 80, அதில் சோடியம் இறுகப் பிடிக்காது. எத்தனாலுக்கு அது 24 தான். அதைக் கலந்ததும் சோடியம் கெட்டியாக ஒட்டி, இழைகள் திரண்டு வெளியே வரும்.

தருமபுரி வாத்தியார்:
வடிவம் மாறுவதும் உண்மைதான். உப்பு குறைவாக இருக்கும் கரைசலில் எத்தனால் 75, 80 சதவீதத்தை நெருங்கும்போது, தண்ணீர் போதாமல், சுற்றுக்கு சுமார் 10 படி (முறுக்கிய ஏணியின் படி மாதிரி இருக்கும் கார ஜோடி) உள்ள வழக்கமான பி வடிவம் 11 படி கொண்ட குட்டையான, பருத்த ஏ வடிவமாகிவிடும். நூலிலும் இதே கதைதான், அங்கே காற்றின் ஈரம்தான் கணக்கு. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசாலிண்ட் பிராங்ளினும் அவர் மாணவர் கோஸ்லிங்கும் எக்ஸ்ரேயில் பார்த்தது சோடியம் உப்பாக இருந்த டிஎன்ஏ: ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தில் ஏ, 92 சதவீதத்தில் பி. ஏயிலிருந்து பிக்குப் போகும்போது நூலே நீளும், ஒரு சுற்றின் நீளம் 28 ஆங்ஸ்ட்ராமிலிருந்து (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம்) 34 ஆகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது லித்தியம். சோடியத்துக்குப் பதில் அதைச் சேர்த்தால் நூல் ஏ பக்கமே போகாது, காயக் காய சி என்று இன்னொரு வடிவம் எடுக்கும். எந்த உப்பு என்பதே வடிவத்தைத் தீர்மானிக்கிறது பாருங்கள்.

அப்புறம், மூடிய டப்பாவில் கரையாமல் மிச்சம் நிற்கிற அளவுக்குக் கல்லுப்புப் போட்ட தண்ணீரை வைத்தால் உள்ளே ஈரப்பதம் அதே 75இல் நிற்கும்.

பாலக்கோட்டுப் பெண்:
சார், வெங்காயத்தில் எடுக்கும் நூலை அந்த டப்பாவில் வைத்தால் ஏ வடிவம் கிடைக்குமா?

தருமபுரி வாத்தியார்:
வைத்துப் பாரும்மா, நம்ம ஊர் சித்திரை வெயிலில் வெளியே விட்டால் முறுகிவிடும். ஆனால் சோப்பில் எடுத்த நூலில் புரதமும் கலந்திருக்கும், இழைகளும் ஒரே திசையில் படுத்திருக்காது. வடிவம் கண்ணுக்கும் தெரியாது, எக்ஸ்ரே வேண்டும். கையில் உணரக்கூடியது ஒன்றுதான்: குச்சியை மெதுவாகத் தூக்கும்போது இழை அறுபடாமல் கூடவே வரும்.