காபன் கிரெடிட் என்று ஒருவர் வந்து போயிருக்கிறார், கையெழுத்து வைக்கலாமா?

கிணற்றடி:

வணக்கம். நான் ஒட்டுசுட்டான் பக்கம், எங்கள் ஊர் மாதர் சங்கத்துக்குச் செயலாளர். போன கிழமை கொழும்பிலிருந்து ஒருவர் வெள்ளை வாகனத்தில் வந்தார். (வெள்ளை வாகனம் என்றதும் ஆள் கடத்துகிற வான் என்று பயப்பட வேண்டாம், ஆள் நன்றாகத்தான் கதைத்தார்.) எங்கள் 23 குடும்பங்களின் காணியையும் சேர்த்தால் ஏறக்குறைய 60 ஏக்கர் பற்றைக்காடு வரும். அதை வெட்டாமல் வைத்திருந்தால் வருடாவருடம் டொலரில் காசு வருமாம். ஒப்பந்தம் 40 வருடம்.

மடிக்கணினியில் படம் காட்டினார். பச்சையாகத் தெரிவதெல்லாம் காபன் என்றார். நான் அதில் எங்கள் வளவைத் தேடினேன். 2008இல் விட்டுவிட்டு ஓடிய காணி. 2011இல் திரும்பி வந்தபோது கிணறு எங்கே என்றே தெரியவில்லை, இரண்டு நாள் கத்தியோடு வெட்டித்தான் கட்டைக் கண்டோம். கட்டின் வெடிப்புக்குள் ஆலங்கன்று ஒன்று கைமொத்தத்துக்கு வளர்ந்திருந்தது. மூன்று ஏக்கரில் ஒன்றரைதான் துப்புரவாக்கினோம். மிச்சத்துக்குக் கை வைக்கக் காசு இல்லை. பிறகு அதற்குள் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லும் வந்துவிட்டது, இப்போது கேட்டால் அது காடாம். அந்த மிச்சம்தான் அவருடைய படத்தில் கடும் பச்சை.

இது உண்மையிலேயே நடக்கிற காரியமா? எங்களிடம் காணி உறுதிப் பத்திரம் இல்லை, அரசாங்கம் தந்த பெமிட்தான். அப்படியானால் காசு யாருக்கு? மகளுக்கு நாளைக்கு ஒரு வீடு கட்ட அரை ஏக்கர் வெட்ட வேண்டி வந்தால் என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அதற்கு முதல் யாராவது சொல்லுங்கள்.

அளவுநாடா:

அக்கா, நான் இரண்டு வருடம் மரம் அளக்கிற வேலைக்குப் போனவன், முழங்கால் முழுக்க உண்ணி கடித்த தழும்பு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொய் இல்லை, இருக்கிற விஷயம்தான். ஒரு கிரெடிட் என்றால் காற்றில் சேராமல் தடுத்த, அல்லது மரம் உறிஞ்சிய, ஒரு தொன் காபனீரொட்சைட்டு. புகை விடுகிற கொம்பனிகள் தங்கள் கணக்கை ஈடுகட்ட அதை வாங்கும். மரத்தை நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், நெஞ்சளவில், நாடா சுற்றி அளப்போம். உங்கள் பக்கத்துப் பாலை ஒன்று 30 சென்ரிமீற்றர் விட்டம், பத்து மீற்றர் உயரம் என்று வைப்போம். சூத்திரத்தில் போட்டால் நிலத்துக்கு மேலே ஏறக்குறைய 450 கிலோ உலர்நிறை வரும். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவுதான் காபன். அதைக் காபனீரொட்சைட்டுக் கணக்காக்க 3.67ஆல் பெருக்கினால் முக்கால் தொன்னுக்குக் கொஞ்சம் கூட. பாலை எவ்வளவு ஆறுதலாக வளரும் என்று உங்களுக்குத் தெரியும். அவ்வளவு காலம் நின்ற மரம், முழுசாக ஒரு கிரெடிட் கூட இல்லை.

இன்னொன்று. மரம் நிற்பதற்கு யாரும் காசு தருவதில்லை. இந்த ஒப்பந்தம் வராவிட்டால் அந்த இடம் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு கணக்கு எழுதுவார்கள். அதற்கும் வந்த பிறகு இருப்பதற்கும் இடையிலான வித்தியாசத்துக்குத்தான் காசு. நீங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் தானாக வளர்ந்தது இந்தக் கணக்குக்குள் வராது.

இப்போது உங்கள் எல்லைக்கல்லுக்கு வாருங்கள். கல் சரி என்றால் அந்த மரத்தைச் சட்டம் ஏற்கெனவே காக்கிறது, அதை நாங்கள் காத்தோம் என்று விற்க முடியாது. கல் பிழை, காணி எங்களுடையது என்றால் முதலில் கல் எழும்ப வேண்டும். அதற்கு முதல் "இந்த 60 ஏக்கரும் காடு, 40 வருடம் காடாகவே இருக்கும்" என்று 23 குடும்பமும் எழுதிக் கொடுத்தால், நாளைக்குக் காணி விசாரணையில் அந்தத் தாளையே எடுத்து உங்கள் முகத்துக்கு நேரே காட்டுவார்கள். எனக்குப் பயம் டொலர் வராமல் போவதல்ல, அந்தத் தாள்தான்.

பெமிட் காணி அரச காணியேதான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டப்படி பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. காபனை விற்கும் உரிமை மட்டும் உங்களுக்கு எங்கிருந்து வரும் என்று வந்தவரிடமே கேளுங்கள். நாட்டில் 2008இல் காபன் நிதியம் என்று தொடங்கியதை இப்போது இலங்கைக் காலநிலை நிதியம் என்கிறார்கள், சுற்றாடல் அமைச்சின் கீழ் இருக்கிறது. அங்கே இவரைப் பற்றி விசாரிக்கலாம்.

செலவும் இருக்கிறது. வெளியாள் வந்து சரிபார்க்க வேண்டும், அதற்கே பல ஆயிரம் டொலர் போகும். சோளகக் காற்றுக் காலத்தில் நெருப்புப் பிடித்தால் என்று கிரெடிட்டில் ஒரு பங்கைச் சேமிப்பில் பிடித்து வைப்பார்கள். உங்கள் பெண்கள் விறகுக்கு அடுத்த காட்டுக்குப் போனால், வெட்டு இடம் மாறியதுதான் என்று அதையும் கழிப்பார்கள். ஏக்கருக்கு வருடம் இரண்டு தொன், தொன்னுக்குப் பத்து டொலர் என்று தாராளமாகவே போடுங்கள். 60 ஏக்கருக்கு 1,200 டொலர். அதை 23ஆல் பிரித்துப் பாருங்கள்.

சங்கக்கடை:

நான் ஓய்வுபெற்ற கூட்டுறவுக்காரன், கணக்கு என்றால் மூக்கை நுழைப்பேன். 2023 தை மாதம் கார்டியன் பத்திரிகையும் இன்னும் இரண்டு ஊடகங்களும் சேர்ந்து, வெர்ரா என்ற பெரிய பதிவு நிறுவனம் அங்கீகரித்த மழைக்காட்டு கிரெடிட்டுகளில் 90 வீதத்துக்கு மேல் உண்மையான குறைப்பு இல்லை என்று எழுதின. வெர்ரா அதை மறுத்தது. அதே வருடம் சிம்பாப்வேயின் கரிபா காட்டுத் திட்டத்திலிருந்து அதை விற்ற சுவிஸ் கொம்பனியே விலகியது. வெட்டப்படப் போகிற காடு என்று கூட்டிக் காட்டினால் கிரெடிட்டும் கூடும், வித்தை அவ்வளவுதான்.

ஆனால் எல்லாம் களவு என்று சொல்ல மாட்டேன். கென்யாவில் காசி விரிகுடா என்ற இடத்தில் மீனவக் கிராமங்கள் 2013 முதல் கண்டல் காட்டின் கிரெடிட் விற்கின்றன. 117 ஹெக்டேயர், வருடம் 3,000 தொன் அளவில். காசைத் தண்ணீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போட்டார்கள். அங்கேயும் காடு அரசினுடையதுதான், ஆனால் கிராமம் முதலில் வனத் திணைக்களத்தோடு உடன்படிக்கை எழுதியது, கிரெடிட் அதற்குப் பிறகு. கொக்கிளாய், நாயாறு பக்கம் கண்டல் உள்ளவர்கள் இதைப் பார்க்கலாம். அக்கா, வந்தவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: விற்ற காசில் எத்தனை வீதம் ஊருக்கு, அது தாளில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?

குளத்துக்கட்டு:

பிள்ளை, காட்டை விடு, வயலைப் பார். நான் இரணைமடுக் குளத்துத் தண்ணியில் விதைக்கிறவன். தண்ணி கட்டி நிற்கிற சேற்றில் மீதேன் வாயு கிளம்பும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் அது ஒரு கிலோ, காபனீரொட்சைட்டு 28 கிலோவுக்குச் சமனாம். அதனால் வயலை இடைக்கிடை காயவிட்டுப் பாய்ச்சு என்கிறார்கள். ஒரு அடி பீவீசி குழாயில் ஓட்டை போட்டுப் பாதியைச் சேற்றில் தாழ்க்க வேண்டும். குழாய்க்குள் தண்ணி மண் மட்டத்துக்கு 15 சென்ரிமீற்றர் கீழே போனதும் மடையைத் திற. பூக்கிற நேரம் மட்டும் காயவிடக் கூடாது. மீதேன் மூன்றில் ஒன்றாவது குறையும், தண்ணியும் மிச்சம். நான் வைத்துப் பார்த்தேன். முதல் கிழமையே குழாய்க்குள் நண்டு குடியேறிவிட்டது, அதை எடுக்கிற வேலையே பெரிய வேலை.

காலபோகத்தில் மழை பெய்யும்போது யார் காயவிடுவது? சிறுபோகத்துக்குத்தான் சரிவரும். ஆனால் சிறுபோகத்தில் எங்களுக்கு முறை வைத்துத்தானே வாய்க்காலில் தண்ணி வருகிறது, வயல் தானாகவே காய்கிறது. இவ்வளவு நாளும் சும்மா செய்ததற்குக் காசு கிடைக்காதோ?

அளவுநாடா:

கிடைக்காது ஐயா, அதே கதைதான். ஏற்கெனவே நடப்பதற்குக் காசு இல்லை. 2024 ஆவணியில் சீனாவின் 37 நெல் வயல் திட்டங்களை வெர்ரா தள்ளிவிட்டது. ஆனால் குழாயை எடுக்காதீர்கள், தண்ணி மிச்சம் உங்களுக்குத்தானே. நண்டுக்கு வாய்ப்பக்கம் வலைத்துண்டு கட்டுங்கள்.

கிணற்றடி:

எல்லோருக்கும் நன்றி. கூட்டத்தில் முழுவதையும் வாசித்தேன். தாள் விஷயத்தைச் சொன்னதும் சனம் அமைதியாகிவிட்டது. ஒரு அம்மா மட்டும், "அப்ப நாங்கள் ஓடினதுக்கு வளர்ந்த மரத்துக்கும் ஒண்டும் இல்லையோ" என்று கேட்டா. எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்போதைக்குக் கையெழுத்து இல்லை என்று தீர்மானம் எழுதினோம். பெமிட் பிரதிகள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு, கல்லைப் பற்றி முதலில் பிரதேச செயலகத்தில் மனுக் கொடுக்கப் போகிறோம். வந்தவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஊருக்கு எத்தனை வீதம் என்று கேட்டதும் திருப்பி எடுப்பதாகச் சொன்னார், இன்னும் எடுக்கவில்லை.

பின்னேரம் சும்மா கிணற்றடிப் பாலையைத் தையல் நாடாவால் அளந்து பார்த்தேன். சுற்றளவு 112 சென்ரிமீற்றர். ஆனால் பக்கத்தில் நிற்கிற மற்ற மரம் இடுப்பளவிலேயே இரண்டாகப் பிரிகிறது. அதை எப்படி அளப்பது?

அளவுநாடா:

நெஞ்சளவுக்குக் கீழே பிரிந்தால் இரண்டு மரம் என்று கணக்கு, தனித்தனியாக அளந்து எழுதுங்கள். 112 சுற்றளவு என்றால் விட்டம் 36க்குக் கிட்ட. நல்ல மரம் அக்கா.