எட்டாம் நாள்: காய்ச்சல் விட்ட பிறகு மூச்சு திணறியவர்களைப் பார்த்திருக்கிறீர்களா?

பேவியூ மகன்

2020 ஜூலை. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் அந்தக் குளிர்காலம் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை நோய் உண்டு. கொரோனாக் காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே அவருக்குக் கார்டிசோன் மாத்திரை கொடுத்தேன். மாமாவின் ஆஸ்துமாவுக்கு வாங்கி மிச்சமிருந்த பிரெட்னிசோன் அது. டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கிறது என்று ஜூன் 16 அன்று செய்தி வந்திருந்தது. இதுவும் அதே இனம்தானே என்று நினைத்தேன். டாக்டரைக் கேட்கவில்லை.

மறுநாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. நான்காம் நாள் எழுந்து போய்க் கறிவேப்பிலை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். எட்டாம் நாள் காலை தேநீருடன் உட்கார்ந்து, ஊரடங்கில் நின்றுபோன மாரியம்மன் திருவிழா அடுத்த ஆண்டாவது நடக்குமா என்று பேசிக்கொண்டிருந்தார். தங்கை, இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை அவர் விரலில் மாட்டினாள். 82. கருவி கெட்டுவிட்டது என்று பிடுங்கி என் விரலில் மாட்டினேன். 97. திரும்பவும் அவர் விரலில். 81. அவர் பேச்சை நிறுத்தவில்லை. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு எடுத்தார். அதைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தோம், கவனிக்கவில்லை.

பதினைந்தாம் நாள் போய்விட்டார். மருத்துவமனையிலும் அவருக்கு ஸ்டீராய்டுதான் கொடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. நான் இரண்டாம் நாள் கொடுத்தது பிழை, அவர்கள் எட்டாம் நாள் கொடுத்தது சரி. இரண்டும் ஒரே வகை மருந்து. இதை எனக்கு யாராவது விளக்குங்கள்.

இரவுப் பணி

தம்பி, முதல் இரண்டு அலைகளிலும் நான் ஆக்சிஜன் வார்டில் இருந்தேன். எனக்கும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

பக்கத்துப் பக்கத்துக் கட்டில், ஏறக்குறைய ஒரே வயது. இருவரும் ஒரே மாலையில் வந்தார்கள். இருவருக்கும் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோனை நானே ஒரே மணி நேரத்தில் போட்டேன். மூன்றாம் நாள் விடியற்காலை ஒருவர் முகமூடியை விலக்கிவிட்டு, வீட்டிலிருந்து மாங்காய் ஊறுகாய் கொண்டுவரச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அதே நேரம் அடுத்த கட்டிலில் இருந்தவரை, ஆக்சிஜன் ஏறாததால், குப்புறப் படுக்க வைத்துக்கொண்டிருந்தோம். நான்கு பேர் சேர்ந்து புரட்டினோம். அவர் கண் ஊறுகாய் கேட்டவர் பக்கமே இருந்தது.

இனி உங்கள் கேள்வி. வைரஸ் புகுந்த செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடும். அது பக்கத்துச் செல்களுக்கு எச்சரிக்கை. அவை வைரஸ் பெருகாதபடி தம்மைக் காத்துக்கொள்ளும். முதல் சில நாள்களின் போர் இதுதான். கொரோனா வைரஸ் இந்த எச்சரிக்கையை அமுக்கத் தெரிந்தது. எச்சரிக்கை தாமதமானால் வைரஸ் பெருகும். அதன் பிறகு வரும் வெள்ளணுக்கள் ஒன்றையொன்று தூண்டி, ஐஎல்-6 போன்ற அழற்சிப் புரதங்களைக் கொட்டும். இரத்தக் குழாய்ச் சுவர் கசியும், காற்றுப் பைகளில் நீர் கோக்கும். பலருக்கு இது நடந்தது இரண்டாம் வாரத்தில். அந்தக் கட்டத்தில் கெடுப்பது வைரஸைவிட அதிகமாக அழற்சிதான். கார்டிசோன் அதை அடக்கும். முதல் நாள்களில் கொடுத்தால், போராட வேண்டிய படையையே அது அடக்கிவிடக்கூடும்.

நீங்கள் சொன்ன ஜூன் 16 செய்தி பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றியது. அதே ஆய்வில் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு இந்த மருந்தால் பலன் கிடைக்கவில்லை. மருந்து பெற்றவர்களில் 17.8 சதவீதமும் பெறாதவர்களில் 14 சதவீதமும் இறந்தார்கள். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றுதான் ஆய்வு சொன்னது. ஆகவே நீங்கள் கொடுத்தது தேவையற்ற மாத்திரை. அவர் சர்க்கரையை ஏற்றியிருக்கும், காய்ச்சலை மறைத்திருக்கும். அதுதான் அவரைக் கொண்டுபோனது என்று நான் சொல்லமாட்டேன், தம்பி. யாராலும் சொல்ல முடியாது.

ஃபீனிக்ஸ் அம்மா

அக்கா சொல்வது கொரோனாவுக்குச் சரி. எல்லா வைரஸுக்கும் மூச்சுத் திணறல் வந்தால் கார்டிசோன் என்று யாரும் படித்துக்கொண்டு போகக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

என் மகளுக்கு அப்போது நான்கு மாதம். ஆர்எஸ்வி என்ற மூச்சுக் குழாய் வைரஸ். மார்ச் மாதம், நம் ஊரில் அது பரவும் பருவம். பால் புட்டியை வாயில் வைத்தால் இரண்டு முறை உறிஞ்சிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். பசி இருந்தது, மூச்சையும் பாலையும் ஒன்றாக இழுக்கப் பலம் இல்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். விலா எலும்புகளுக்குக் கீழே தோல் உள்ளே குழிந்து குழிந்து எழுந்தது. அந்தக் குழிதான் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

கார்டிசோன் போடுங்கள் என்று இளம் டாக்டரிடம் கத்தினேன். அவர் மறுத்தார். கைக்குழந்தைகளின் நுண்ணிய மூச்சுக் குழாய்கள் இந்த வைரஸில் வீங்கிச் சளியால் அடைபடும்போது ஸ்டீராய்டு உதவுவதில்லை என்று பொறுமையாகச் சொன்னார். மூக்கை உறிஞ்சிச் சுத்தம் செய்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள், மூக்கு வழியே குழாய் விட்டுப் பால் கொடுத்தார்கள். வேறெதுவும் இல்லை. நான்காம் நாள் தானாகக் குடித்தாள். அந்த டாக்டரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

கரும்புத் தோட்டம்

எங்கள் குடும்பத்தில் இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. 1918 அக்டோபர், ஸ்பானிஷ் ஃப்ளூ. ஆயாவின் அம்மாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும், கரும்புத் தோட்டத்து லைன் வீட்டில் இருந்தார். காலையில் கரும்பு வெட்டப் போனவர்கள், மறுநாள் இல்லை. கிழவர்கள் எழுந்து நடமாட, இளைஞர்களைத்தான் அதிகம் புதைத்தார்கள். அவருடைய அண்ணனின் உதடு நாவற்பழம் தின்றவன் உதடு போல் இருந்ததாம். ஆயா இதைச் சொல்லும்போது தன் உதட்டைத் தொட்டுக் காட்டுவார். வலுவான எதிர்ப்புச் சக்திதான் அந்த இளைஞர்களைக் கொன்றது என்று எங்கோ படித்தேன். இரவுப் பணி அக்கா சொன்னதும் அதேதான் என்று தோன்றுகிறது.

ஸ்டேங்கர் ஆசிரியர்

கரும்புத் தோட்டம் சொன்னதை அப்படியே விட முடியாது. தென்னாப்பிரிக்காவில் அந்தக் காய்ச்சலுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இறந்தார்கள், அதுவும் சில வாரங்களில். இளைஞர்கள் அதிகம் என்பதும் உண்மை. ஆனால் பாதுகாத்து வைத்திருந்த அக்கால நுரையீரல் திசுக்களை ஆராய்ந்து 2008 இல் வெளியான கட்டுரை, பெரும்பாலான மரணங்களில் பாக்டீரியா நிமோனியா சேர்ந்திருந்ததைக் காட்டியது. வைரஸ் மூச்சுக் குழாயின் உள்தோலை உரித்துப் போட, பாக்டீரியா உள்ளே இறங்கியது. அன்று பெனிசிலின் கிடையாது. "வலுவான எதிர்ப்புச் சக்தி கொன்றது" என்ற ஒற்றை வரி போதாது.

என் அனுபவம் சிறியது. 2022 இல் சாதாரணச் சளிதான் பிடித்தது. இரண்டாம் இரவு ஆஸ்துமா எழும்பி, சமையலறை மேடையில் இரு கைகளையும் ஊன்றி விடியும் வரை நின்றேன். நலமாக இருக்கிறேனே என்று பழுப்பு நிறக் கார்டிசோன் இன்ஹேலரை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது.

எனவே சொல்கிறேன். தினமும் இழுக்கச் சொன்ன இன்ஹேலரைச் சுகமான நாளிலும் விடாதீர்கள். குழாயின் அழற்சியை அடக்கி வைப்பது அதுதான், நீல நிற இன்ஹேலர் குழாயின் இறுகலைச் சற்று நேரம் தளர்த்த மட்டுமே. வாரக்கணக்கில் கார்டிசோன் மாத்திரை சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது. சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி தன் கார்டிசோலைச் சுரப்பதைக் குறைத்திருக்கும், அதற்கு மீள நாள் வேண்டும். ஆக்சிமீட்டரைக் குளிர்ந்த விரலில் மாட்டாதீர்கள், நகப் பூச்சை அழித்துவிடுங்கள். கறுத்த தோலில் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020 இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். நம் தோலுக்கு இது முக்கியம். ஃப்ளூ ஊசியைக் குளிர்காலத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிறேன் என்று கசாயப் பொடி விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். மிளகுத்தண்ணீர் தொண்டைக்கு இதமானது, குடியுங்கள். ஆனால் உடம்புக்கு வேண்டியது கூட்டல் மட்டும் இல்லை. படையை நிறுத்தவும் அதற்குத் தெரிய வேண்டும். ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்றே ஒரு வகை வெள்ளணு இருக்கிறது. சண்டையைத் தணிப்பது, சொந்தத் திசுவைத் தாக்காமல் தடுப்பது அவற்றின் வேலை. 2025 இல் மருத்துவ நோபல் பரிசு அவற்றைக் கண்டறிந்தவர்களுக்குத்தான் போனது.

கரும்புத் தோட்டம்

ஐயா, பாக்டீரியா பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அது ஏன் கிழவர்களை விட்டுவிட்டு இளைஞர்களைத் தேடிப் போயிற்று என்பதற்கு உங்கள் கட்டுரையிலும் விடை இல்லை. ஆயா கேட்டதும் அதைத்தான்.

பேவியூ மகன்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். அக்கா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். குப்புறப் படுக்க வைத்தீர்களே, அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததா? வருவதற்கு முன் வீட்டில் ஏதாவது மாத்திரை சாப்பிட்டிருந்தாரா?

இரவுப் பணி

சர்க்கரை இருந்தது, தம்பி. வீட்டில் பாரசிட்டமால் தவிர எதுவும் சாப்பிடவில்லை. ஊறுகாய் கேட்டவருக்கும் சர்க்கரை இருந்தது.